கடல் கொண்ட கரைக்கு யார் கணக்குச் சொல்வது?

(உத்தமபாளையத்தில் இளைஞர்கள் கூடிய ஒரு கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முல்லைப் பெரியாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு கடல் அரிப்பைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். பேச வேண்டும். கடற்கரை என்பது மணல். அந்த மணலில் பெரும்பகுதி மலையில் உடைந்து, ஆற்றில் உருண்டு, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஆறு போய்ச் சேரும் வைகையில் 1959இல் அணை கட்டினார்கள். அந்த அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் செய்தி படிக்கிறோம். வைகை பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும் ஆறு. அது கடலுக்குக் கொடுத்தது குறைவுதான். ஆனால் 1934இல் மேட்டூர் அணை கட்டியபோது காவிரிக்கும் இதேதான் நடந்தது. தண்ணீரோடு மணலையும் அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. அணைக்குக் கீழே கிடக்கும் மணலை லாரிகள் அள்ளிக்கொண்டு போகின்றன. கடலுக்கு வரவு குறைந்துவிட்டது. ஆனால் அலை தன் செலவைக் குறைக்கவில்லை.

இயற்கைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் நம் கிழக்குக் கரையோரமாக மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. ஒரு பருவத்தில் கரைந்த கரை அடுத்த பருவத்தில் மேடாகும். கட்டுமரத்தை எங்கே ஏற்றி வைக்க வேண்டும் என்பது மீனவர்களுக்கு இதை வைத்துத்தான் தெரியும். புயலும் கரையை மாற்றும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்ததை அறிவோம். இப்போது புவி சூடாவதால் கடல் மட்டமும் உயர்கிறது; 1901க்கும் 2018க்கும் இடையில் உலக அளவில் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. அந்தச் சூட்டுக்கும் காரணம் மனிதர்கள்தான், அதிலும் எல்லா மனிதர்களும் சமமாக அல்ல.

இப்படி வடக்கே நகரும் மணலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டினால் என்ன ஆகும்? தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்தை 1870களில் கட்டத் தொடங்கினார்கள். அதற்குத் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. கல் கொட்டிக் கொட்டித்தான் அங்கே கரையைக் காக்கிறார்கள். மெரினாவின் அகலத்தை உலகப் பெருமையாகப் பேசுகிறோம். அதில் ஒரு பகுதி, மீனவரும் தலித்துகளும் கூலித் தொழிலாளரும் வாழும் வடசென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

நூறாண்டுக்குப் பிறகும் அதே பாடத்தை யாரும் படிக்கவில்லை. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழுந்தது. ஒரு பக்கம் சேரும் மணலை எடுத்து மறுபக்கம் விட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காக்கப் பாறைகளை அடுக்கினார்கள். அரிப்பு அத்தோடு நிற்கவில்லை. வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கத்துக் குப்பங்களைத் தாக்கியது. அங்கேயும் கல் சுவர், தூண்டில் வளைவு. ஓர் ஊரைக் காக்கப் போடும் கல், அடுத்த ஊரின் மணலைப் பறிக்கிறது. 1990 முதல் 2018 வரை தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது.

இதையெல்லாம் "இயற்கைச் சீற்றம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லை நாம் சந்தேகிக்க வேண்டும். மனிதர்கள் செய்த ஏற்பாட்டை இயற்கை என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாதியையும் இப்படித்தான் காலங்காலமாக இயற்கை என்று சொல்லி வந்தார்கள்.

அடுத்து, இழப்பு யாருடையது என்ற கேள்வி. நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. பயிர் அழிந்தால் நிவாரணம் பட்டாவைப் பார்த்து வருகிறது. அந்த வயலில் நாற்று நட்டவருக்கு, களை எடுத்தவருக்கு எதுவும் வருவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்குத் தெரியும். கடற்கரையிலும் இதே கணக்குத்தான். மீனவச் சமூகமே ஒடுக்கப்பட்ட சமூகம். தலைமுறை தலைமுறையாக வலை உலர்த்திய மணலுக்கு அவர்களிடமும் பெரும்பாலும் பட்டா கிடையாது. அவர்களுக்கும் கீழே, கணக்கிலேயே வராதவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, படகு இழந்தவர் யார் என்று அரசு கேட்டது. படகே இல்லாத தலித் கூலித் தொழிலாளர்களும், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர்களும் பல ஊர்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். சில முகாம்களில் தலித்துகள் ஒதுக்கி வைக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. சுனாமி ஒரே நாளில் செய்ததை அரிப்பு முப்பது ஆண்டுகளில் செய்கிறது. மெதுவாக நடப்பதால் அதற்கு நிவாரண முகாமும் இல்லை, பட்டியலும் இல்லை.

இந்த நிலையில்தான் 2019இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கரை பின்வாங்கும் காலத்தில் கட்டடத்தை முன்னே வரச் சொல்கிற சட்டம் இது.

நம் கோரிக்கைகள் எளியவை. துறைமுகம் கட்டுகிறவர்கள் மணலைக் கடத்திவிடும் செலவையும், கரை இழக்கும் ஊர்களின் இழப்பையும் தங்கள் கணக்கில் எழுத வேண்டும். அந்த ஊர்களின் கிராம சபை ஒப்புதல் இல்லாமல் கரையில் ஒரு கல்லும் விழக்கூடாது. கடல் அரிப்பைப் பேரிடராக ஏற்று நிவாரணம் தர வேண்டும்; அதுவும் பட்டாவையோ படகையோ பார்த்து அல்ல, அந்தக் கரையை நம்பிப் பிழைத்த ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்து. மீன் கூடை சுமக்கும் பெண்ணும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இங்கே இருக்கும் நமக்கும் வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபையில் நம் ஆற்று மணலைப் பற்றிக் கேளுங்கள். வயலில் கூலிக்கு இறங்கியவருக்கும் பயிர் நிவாரணம் வேண்டும் என்று அதே கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வாருங்கள். குப்பத்து மக்கள் கேட்பதும் அதையேதான்.