நால்வர் கூடி ஆடும் போர்

“அத்தான், தள்ளிப் போங்க, குண்டு விழப் போகுது!”

ஓர் இரவு, டில்லியில் எங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து இக்குரல் எழுந்தது. எழுப்பியவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன். அத்தான் என்று அழைக்கப்பெற்றவன் மதுரையிலுள்ள என் தமக்கையின் மைந்தன். இருவரும் தத்தம் வீட்டிலிருந்தவாறே ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்னும் கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தனர். நாங்கள் தமிழில் வினவினால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை கூறும் பிள்ளை, அந்த அவசரத்தில் தமிழில் கத்தினான்! அவ்விளையாட்டு யாது, அதன் குணம் யாது, குற்றம் யாது என்று அறிய முற்பட்டேன். அறிந்ததை நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள ஆரோஹெட் நிறுவனம் இதனை ஆக்கியது. சோனி நிறுவனம் 2024 பிப்ரவரி 8ஆம் நாள் வெளியிட்டது. கதை வருங்காலத்தில் நிகழ்வது. ‘சூப்பர் எர்த்’ என்னும் அரசு வேற்றுக் கிரகங்களில் ராட்சதப் பூச்சிகளோடும் இயந்திரப் படைகளோடும் யுத்தம் புரிகிறது. நால்வர் வரை ஒரு குழுவாக இறங்கி, இட்ட பணியை முடித்து, தம்மை மீட்கும் கலம் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இதன் முதற் சிறப்பு, தோழர் மீது பட்டாலும் குண்டு குண்டே என்பதாகும். சில ஆட்டங்களில் தன் பக்கத்தாரைச் சுட்டால் ஒன்றும் நேராது. இங்கோ அவர் மாண்டுபோவார். அம்புக்குறிகளை உரிய வரிசையில் அழுத்தி, கையிலுள்ள உருண்டையை எறிந்தால், அது விழுந்த இடத்தில் வானிலிருந்து குண்டுமாரி பொழியும். அங்கு நிற்பவர் பகைவரா நண்பரா என்று அது பாராது. ஆதலால் எறியுமுன் கூவி எச்சரிப்பது இன்றியமையாதது ஆகிறது. என் மகன் கூவியதும் அதற்காகவே.

மாண்டவருக்கு ஈடாக வேறொரு வீரரை இறக்கலாம். ஆயின் அவ்வாய்ப்புகள் குழு முழுமைக்கும் பொதுவான ஒரே கணக்கிலிருந்து கழியும். ஒருவரது கவனமின்மை நால்வருக்கும் நட்டம். தோளில் வைத்துச் சுடும் பெரிய ஆயுதத்திற்கு ஒருவர் குண்டு நிரப்ப மற்றவர் சுட்டால், தனியே செய்வதினும் விரைவாக வேலை நடக்கும். பொறுக்கிச் சேர்த்த மாதிரிப் பொருள்களோ, எவர் கொணர்ந்தாலும் எல்லோருக்கும் கிடைக்கும். போட்டிக்கு இடமின்றிக் கூட்டுறவைப் பயிற்றும் இவ்வேற்பாட்டை நான் மெச்சுகிறேன்.

இனிக் குறைகள். இடமும் பகையும் மாறினாலும், இறங்குதல், அழித்தல், கலத்திற்குக் காத்திருத்தல் என்னும் முறை மாறுவதில்லை. நாளடைவில் சலிப்புத் தட்டும். இணையத் தொடர்பின்றி ஆடவும் இயலாது. காசு கொடுத்து வாங்கிய பொருளாயினும், அதன் திறவுகோல் விற்றவர் கையிலேயே இருக்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில், கணினியில் ஆடுவோர் சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பில் கணக்கு வைத்தே தீரவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அச்சேவையே இல்லாத பல நாடுகளிலும் ஆட்டம் விற்கப்பட்டிருந்தது! ஆடுவோர் பெருந்திரளாகக் கண்டனம் எழுப்பவே, சில தினங்களில் அந்நிபந்தனை கைவிடப்பட்டது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. இவ்வாட்டம் உண்மையில் யுத்த வெறியைப் பரிகசிப்பது. சுதந்திரம், ஜனநாயகம் என்று முழங்கிக்கொண்டே வீரர்களைப் பூச்சிகளைப்போல் சாகவிடும் அரசு அது. பகைப் பூச்சிகளின் உடலிலிருந்து ‘ஈ-710’ என்னும் எரிபொருள் எடுக்கப்படுகிறது. 710 என்னும் இலக்கங்களைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: எண்ணெயைக் குறிக்கும் ‘ஆயில்’ என்ற ஆங்கிலச் சொல் தெரியும்! சுதந்திரப் போரின் அடியில் எண்ணெய் ஆசை என்பதே குறிப்பு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, தமிழில் கொணர முடியாத இச்சிலேடை வியப்பளித்தது. ஆனால் குருதி தெறிக்கும் வேகத்தில் ஆடுவோர் இதனை உணர்வார்களா? பரிகாசம் மறைந்து முழக்கம் மட்டும் நெஞ்சில் தங்கிவிடக்கூடும். ஐரோப்பியத் தர நிர்ணயத்தில் இது பதினெட்டு வயது நிரம்பியவர்க்கே உரியது என்பதையும் பெற்றோர் மறத்தலாகாது.

மகனிடம் 710ஐப் பற்றிக் கேட்டேன். பல மாதங்களாக ஆடிவருபவன் அதனைக் கவனித்ததில்லை. காகிதத்தில் எழுதித் திருப்பிக் காட்டினேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். அன்றிரவு அதைத் தன் அத்தானுக்கு விளக்குவதைக் கேட்டேன், தடுமாறிய தமிழில்.

வெளியூரில் பிள்ளை வளர்ப்போர் கதவுக்கு வெளியே நின்று கடிந்துகொள்வதால் பயனில்லை. உள்ளே சென்று, அருகே அமர்ந்து, சற்று நேரம் பாருங்கள். மெச்சத்தக்கதை மெச்சுங்கள், அவர்கள் காணாததைக் காட்டுங்கள்.