பாரம் தூக்குற முறையும் நம்ம முதுகும்

(தோட்டக் குடும்பங்களுக்காகப் பிள்ளைக்காம்பராவில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழு நிகழ்த்திய பேச்சு)



பாரம் தூக்குவதைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறோம் என்றதும், "இதையுமா எங்களுக்குச் சொல்லித் தரப் போறீங்க?" என்று பின்னால் ஒரு அக்கா சிரித்தது காதில் விழுந்தது. நியாயந்தான். எங்கள் குழுவிலும் பாதிப் பேர் லயத்தில் பிறந்தவர்கள்தான். கொழும்பில் காசு கட்டி ஜிம்முக்குப் போகிறவர்கள் இரண்டு கையிலும் இரும்புப் பாரத்தைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடக்கிறார்கள். அதற்கு ஃபாமர்ஸ் வோக் என்று பெயர். கமக்காரன் நடை என்று அர்த்தம். நீங்க தண்ணி கேனோட பீலியிலிருந்து ஏறி வர்றதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அவங்க சமதரையில் நடக்கிறாங்க, களைச்சா உடனே கீழே வச்சிடுறாங்க. நமக்கோ மலை, மழை, வழுக்கல். களைச்சாலும் கொழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும் போயாகணும். அதனால் முறையாகத் தூக்குவது அவர்களைவிட நமக்குத்தான் அவசியம்.

நடக்கும்போது இருப்பதைவிட, தூக்கும்போதும் இறக்கும்போதும் திரும்பும்போதும்தான் முதுகுக்கு ஆபத்து கூட. பாரத்துக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். கால்களைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள். இடுப்பை மடித்துக் குனியாமல் முழங்காலை மடித்து இறங்குங்கள். பாரத்தை நெஞ்சோடு, வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மூச்சை அடக்காமல் மெதுவாக விட்டுக்கொண்டே காலால் எழும்புங்கள். ஒரே பாரம்தான், ஆனால் கையை நீட்டிப் பிடித்தால் முதுகுக்கு அது பல மடங்காகத் தெரியும். தூக்கியபடி இடுப்பை மட்டும் முறுக்கித் திரும்பாதீர்கள். பாதத்தை எடுத்து வைத்து உடம்போடு திரும்புங்கள்.

கூடையையோ சாக்கையோ நிலத்திலிருந்து தூக்காமல், ஒரு திட்டிலோ கல்லிலோ வைத்து முதுகைக் கொடுத்து எடுப்பது நல்லது. பக்கத்து நிரையில் இருக்கிறவரைக் கை கொடுக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தண்ணி ஒரு லீட்டர் என்றால் ஒரு கிலோ. 20 லீட்டர் கேன் ஒன்றை ஒரே கையில் தூக்கினால் முதுகெலும்பு ஒரு பக்கம் வளைகிறது. அதே தண்ணியை 10 லீட்டராக இரண்டு கேனில் பிரித்தால் உடம்பு நேராக நிற்கும். நிமிர்ந்து, தோளைக் காதுப் பக்கம் தூக்காமல், சின்ன அடியாக வைத்து நடங்கள். இறக்கத்தில் முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி இன்னும் சின்ன அடி வையுங்கள். அட்டை கடிச்சா பாரத்தோடு குனிஞ்சு பிய்க்காதீங்க. இறக்கி வச்சிட்டுப் பிய்க்கலாம், அதுக்குள்ள அது குடிக்கிற ரத்தம் பெரிசில்ல!

எவ்வளவு தூக்கலாம்? வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967ஆம் ஆண்டிலேயே சிபாரிசு செய்தது. பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்காவில் 1991இல் திருத்தி அமைத்த கணக்கின்படி, எல்லா வசதியும் சரியாக இருக்கிற இடத்தில்கூடத் தூக்குவதற்கு 23 கிலோதான் அளவு. நம்ம உர மூட்டை 50 கிலோ. அதை ஒருத்தர் தனியாகத் தூக்குவதைக் கெட்டித்தனம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இரண்டு பேர் பிடியுங்கள், அல்லது பிரித்து எடுங்கள். "ரெண்டு நடை நடக்கணுமே, நேரம் போயிருமே" என்பீர்கள். கிலோ கூடினால்தான் காசு என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் நாரி பிடித்துப் படுத்துவிட்டால் அந்தக் கிழமை பேரே விழாதே.

இனி வாலிபப் பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தாய்மாரோடு ஒரு விஷயம் பேச வேண்டும். புருஷன்மாரும் கேட்க வேண்டிய விஷயம். எங்களில் ஒருவருடைய தாயார் மூன்றாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகாமல் தண்ணிக்கும் விறகுக்கும் போனார். கொஞ்ச நாளில் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வருஷக்கணக்காக அந்த வேதனையோடு மலையேறினார். மகளுக்கே கடைசியில்தான் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு அடிவயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும்போது பாரம் தூக்கினால் இந்த ஆபத்து கூடும். மேலே சொன்ன சிபாரிசிலும், வைத்தியர் ஆபத்து என்று கருதினால் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் 10 கிழமைகளுக்கும் பெண்ணைப் பாரம் சுமக்க விடக்கூடாது என்று இருக்கிறது. வேலைத்தலத்தில் லீவு இருந்தாலும் வீட்டில் லீவு கிடைப்பதில்லையே! அந்த நாட்களில் குடத்தை அப்பாவோ அண்ணனோ எடுக்கட்டும். கீழே ஏதோ இறங்குவது போலிருந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். வைத்தியம் இருக்கிறது.

நாரி பிடித்தால் தைலம் பூசலாம், சூடு வைக்கலாம். நாள் கணக்கில் படுத்துக் கிடக்காமல், பாரம் தூக்காமல், மெதுவாக நடமாடுங்கள். ஆனால் கால் மரத்து பலம் குறைந்தால், அல்லது மூத்திரம் போக முடியாமல், அடக்க முடியாமல் வந்தால், தொடையிடுக்கு மரத்துப் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இங்கே இரண்டு வாளியில் பாதி பாதி தண்ணி வைத்திருக்கிறோம். ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து தூக்கி, வாசல் வரை நடந்து, திரும்பி வந்து இறக்கிக் காட்டுங்கள். சிரிச்ச அக்கா முதல்ல வாங்க.