குளிர்சாதனத் தொழிலும் கையில் ஒரு சான்றிதழும்

(கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிறுசேரி சிப்காட் என்றதும் கணினி முன் அமர்ந்து பணிபுரிவோரே நம் நினைவுக்கு வருகின்றனர். அக்கட்டடங்களில் இரவு பகலாக இயங்கும் குளிரூட்டும் இயந்திரங்களையும், அவற்றைப் பேணுவோரையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2022இல் இங்கு அதானிகோனெக்ஸ் நிறுவனத்தின் தரவு மையம் தொடங்கப்பட்டது. இத்தகைய மையங்களில் கணினிகள் வெளியிடும் வெப்பத்தை இடைவிடாது அகற்றியாக வேண்டும். ஆகவே ஏ.சி. மெக்கானிக், பைப் ஃபிட்டர், வெல்டர் ஆகியோருக்கான தேவை நம் வாசலுக்கே வந்திருக்கிறது எனலாம்.

நம் பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே இத்தொழிலில் உள்ளனர். ஆனால் ஒப்பந்தக்காரரிடம் ஹெல்பராகச் சேர்ந்து, ஏணி பிடித்தே ஆண்டுகளைக் கழிக்கின்றனர். கைவேலை தெரியும்; காரணம் தெரியாது. செப்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் வாயுவை மெல்லச் செலுத்துவது ஏன்? செலுத்தாவிடில் உட்புறம் கரிய ஆக்சைடு படிந்து, பின்னர் உதிர்ந்து, கம்ப்ரசருக்குக் கேடு செய்யும். வாயு நிரப்புமுன் வேக்குவம் பம்ப் ஏன்? காற்றும் ஈரமும் உள்ளே தங்கலாகாது. ஆர்-22 வாயுவைக் கையாண்ட பழக்கத்திலேயே ஆர்-32 வாயுவைக் கையாளலாமா? கூடாது, அது ஓரளவு தீப்பற்றும் தன்மையுடையது. காரணம் அறியாதவர் உயிருக்கும் ஆபத்துண்டு.

இவற்றை முறையாகக் கற்பிக்குமிடம் ஐ.டி.ஐ. ஆகும். குளிர்பதனம், காற்றுப்பதனப் பிரிவுக்கு 10ஆம் வகுப்புத் தேர்ச்சி தேவை. பயிற்சி 2 ஆண்டுகள். வெல்டர் பிரிவில் 8ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஓராண்டில் முடியும். அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நமக்கு எட்டும் தொலைவில் கிண்டியில் அரசு ஐ.டி.ஐ. உள்ளது.

அடுத்தது தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். ஹெல்பருக்கும் பழகுநருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: பழகுநருக்குப் பதிவுசெய்யப்பட்ட ஒப்பந்தம் உண்டு, உதவித்தொகை உண்டு, முடிவில் நாடெங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் உண்டு.

ஏற்கெனவே வேலை பார்ப்போர் மனம் தளர வேண்டியதில்லை. உரிய பணி அனுபவமுடையோர் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத இயலும். அரசின் வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை வெளியிடும் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். அனுபவச் சான்றை இப்போதே முதலாளியிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

வளைகுடா செல்ல விரும்புவோருக்கு ஒரு சொல். 10ஆம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேரும். எனவே விட்ட பாடத்தை முதலில் எழுதித் தேறுங்கள். ஏஜெண்டிடம் பணம் கட்டுமுன், 1978இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

பெற்றோர்களே! ஊர் மதிப்புக்காகக் கடன் பட்டு, பிள்ளை விரும்பாத பட்டப்படிப்பில் சேர்ப்பதைக் காட்டிலும், அவன் கைக்குப் பொருந்திய தொழிலில் சேர்ப்பது மேல். ஐ.டி.ஐ. சேர்க்கைக்கான விண்ணப்பத்தை நிரப்ப இயலாதோர் மதிப்பெண் பட்டியலுடன் நம் ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள். உடனிருந்து நிரப்பித் தருவோம்.