ரெண்டுல ஒண்ணை விடணுமா?

நான் செல்லோ வாசிப்பேன், மெட்டும் போடுவேன். "ரெண்டுல ஒண்ணை விட்டுடு, இல்லைன்னா ரெண்டுமே அரைகுறையாகிடும்"னு எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. போன வருஷம் செல்லோவை விற்கிற முடிவுக்கே வந்துட்டேன்.

அப்போதான் லூயிஜி பொக்கெரினியைப் பற்றிப் படிச்சேன். 1743-ல் இத்தாலியின் லூக்கா நகரத்தில் பிறந்தவர். செல்லோ கலைஞர், இசையமைப்பாளர். 1770-ல் ஸ்பெயின் மன்னரின் தம்பி இளவரசர் லூயிஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு நால்வர் குழு இருந்தது. ஃபாண்ட் என்கிற அப்பாவும் அவர் மகன்களும். ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அப்போ இவர் எங்கே உட்காருவார்?

அஞ்சாவது நாற்காலியைப் போட்டார். ரெண்டு செல்லோ வர்ற ஐவர் இசையா எழுத ஆரம்பிச்சார். அப்படி நூறுக்கும் மேல! ஒரு செல்லோ அடித்தளத்தைப் பார்த்துக்கும். இன்னொன்று வயலின் உயரத்துக்கு ஏறிப் பாடும். விரல் எங்கே எட்டும்னு தெரிஞ்ச ஆள்தான் அப்படி எழுத முடியும்.

அந்தக் காலத்துச் செல்லோவை ஊன்றுகம்பி இல்லாம கெண்டைக்கால்களுக்கு நடுவுல பிடிச்சு வாசிப்பாங்க. தந்தி, ஆட்டுக்குடலில் செய்தது. பரோக் செல்லோக்காரங்க இன்னிக்கும் அப்படித்தான். நானும் ஒருநாள் வாசிச்சுப் பார்த்தேன். சத்தம் கம்மி, ஆனா வில் ஒவ்வொரு சொல்லா பேசுது. அன்னிக்கு ராத்திரியே, பாதியில் நின்ன என் மெட்டு ஒண்ணை முடிச்சேன்.

செல்லோவை விற்கலை. உங்க ரெண்டாவது வேலை எது? அதை விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.