கரண்ட் பிடித்தால் கை ஏன் விடுவதில்லை?



“கரண்ட் பிடித்து இழுத்துவிட்டது” என்று தோட்டத்தில் சொல்வோம். கரண்ட் யாரையும் இழுப்பதில்லை. இறுகிக்கொள்வது நம் கைதான்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்ட் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. இதை ஏசி என்பார்கள். குளிர்சாதனத்தையும் நாம் அப்படியே அழைப்பதால், வீட்டுக் கரண்ட் என்றே சொல்கிறேன். அது தசையை விடாமல் சுருங்க வைக்கும். விரலை மடக்கும் தசைக்கு விரிக்கும் தசையைவிடப் பலம் அதிகம். அதனால்தான் பிடித்த வயரைக் கை விடாது. 10 வாட் பல்பு எரியத் தேவையான கரண்டில் கால் பங்கே இதற்குப் போதும். அந்தப் பல்புக்கான கரண்ட் முழுவதும் நெஞ்சு வழியே சில விநாடிகள் ஓடினால், இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. ஈரக் கையில் கரண்ட் இன்னும் சுலபமாகப் பாயும்.

எனவே மாட்டிக்கொண்டவரை, பேரப்பிள்ளையாகவே இருந்தாலும், தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் அவரைத் தள்ளிவிடுங்கள்.

பேட்டரி கரண்ட் ஒரே திசையில் ஓடும். கார் பேட்டரியின் 12 வோல்ட் காய்ந்த கையில் ஷாக் அடிக்காது. ஆனால் மோதிரமோ வளையலோ அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். கூரையில் உள்ள சோலார் தகடுகளும் இதே வகைதான். அவற்றில் வோல்ட் மிக அதிகம், கிட்டப் போக வேண்டாம்.

மின்னல் வேறு. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், உடலில் தங்காது. மின்னல் தாக்கியவரை உடனே தொடலாம், தொட்டே ஆகவேண்டும். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி உதவினால் பிழைக்க வாய்ப்புண்டு.

செம்பனை வெட்டும் அலுமினியக் கம்பு 11,000 வோல்ட் மின்கம்பியில் பட்டால் நிலைமை வேறு. வீட்டு மெயின் சுவிட்சுக்கு அங்கே வேலையில்லை, மரக்கட்டையும் காப்பாற்றாது. தள்ளி நின்று 999-ஐ அழையுங்கள். தெனாகா நேஷனலுக்கு 15454.

ஷாக் அடித்தபின் “ஒன்றுமில்லை” என்று படுத்துவிடாதீர்கள். தோலில் சிறு புள்ளி, உள்ளே பெரிய தீப்புண் இருக்கலாம். மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு இருந்தாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ, சிரம்பான், போர்ட்டிக்சன், தம்பின், ஜெம்போல், எந்த அரசு மருத்துவமனை பக்கமோ அங்கே அன்றே போய் இசிஜி எடுங்கள்.

மெயின் பெட்டியில் ‘டெஸ்ட்’ பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.