குடி போகும் முன்னால்



ஊரில் மழை இல்லை. வேலையும் இல்லை. வாங்கிய கடன் மட்டும் வளருகிறது. அப்போது வீட்டில் ஒரு பேச்சு எழும். "வேறு ஊருக்குப் போய்விடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். பெங்களூரா, மும்பையா, டில்லியா என்று யோசிப்பார்கள். எங்கே கூலி அதிகம் என்று விசாரிப்பார்கள்.

கூலியைக் கேட்பது சரிதான். கூலிக்காகத்தானே போவது! ஆனால் கூலி வாங்குபவர் வீட்டில் ஒருவர், அல்லது இருவர். அந்த ஊரில் வாழப்போவது எல்லாரும். குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். பாட்டி மருந்து வாங்க வேண்டும். விடிந்தால் நாலு குடம் தண்ணீர் வேண்டும். இவை எல்லாம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இதை யாரும் புரோக்கரிடம் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் "எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது" என்றுதான் சொல்வார்.

நகரத்தின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. பெங்களூரைப் பாருங்கள். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து காவிரித் தண்ணீர் அங்கே வருகிறது. 2007-ல் நகரத்தைச் சுற்றியிருந்த 110 கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அன்று முதல் அவையும் பெங்களூர்தான். ஆனால் குழாயில் காவிரி வரவில்லை. போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பித்தான் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். 2024-ல் கோடை தொடங்கியதுமே பல போர்வெல்கள் வற்றிவிட்டன. லாரித் தண்ணீரின் விலை ஏறியது. அந்த 110 கிராமங்களுக்கான காவிரித் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பெயர் வந்து 17 ஆண்டு கழித்துத்தான் குழாய்க்கு வழி பிறந்தது.

டில்லியில் நடந்தது இன்னும் கசப்பானது. நகரத்தின் நடுவில் பல குடிசைப் பகுதிகள் இருந்தன. வீடு சிறியது. சாக்கடை நாற்றம் வேறு. ஆனால் வேலை பக்கத்தில் இருந்தது. பெண்கள் நடந்தே போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, மதியம் பிள்ளைகளுக்குச் சோறு போட வீடு திரும்பினார்கள். அந்தக் குடிசைகள் இடிக்கப்பட்டன. 2006 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சாவ்டா கேவ்ரா என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். அது டில்லியின் மேற்கு ஓரம். நகரத்தின் நடுவிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 18 சதுர மீட்டர், அல்லது பன்னிரண்டரை சதுர மீட்டர் மனை கிடைத்தது. தண்ணீர் லாரியில் வந்தது. பஸ் போதவில்லை. பழைய வேலைக்குப் போய்வரவே பாதி நாள் போயிற்று. பல பெண்கள் வேலையை விட்டார்கள். கேவ்ராவுக்கு மெட்ரோ ரயில் வந்தது 2018-ல்தான். முதலில் வந்தவர்களின் கைக்குழந்தைகள் அதற்குள் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் குடும்பங்கள் தாமாக விரும்பி அங்கே போகவில்லை. அவர்களைக் கேட்டு யாரும் இடம் பார்க்கவும் இல்லை. தாமாக இடம் தேடிப் போகிறவர்களுக்காவது முன்கூட்டிப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அவர்களும் நகரத்தின் ஓரத்துக்குத்தான் போகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவன் கொத்தனார், மனைவி சித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் ஓரத்தில் வாடகை 3,000 ரூபாய். வேலை கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 5,000 ரூபாய். ஓரத்தில் 2,000 மிச்சம் என்று தோன்றும். ஓரத்திலிருந்து போக வர ஆளுக்கு 60 ரூபாய் பஸ் கட்டணம். மாதம் 26 நாள் வேலை. ஒருவருக்கு 1,560 ரூபாய். இருவருக்கு 3,120. குடிக்கும் தண்ணீருக்குத் தினம் 10 ரூபாய், மாதம் 300. வாடகையோடு கூட்டினால் 6,420 ரூபாய் ஆகிறது. பக்கத்து வீட்டில் 5,000-தான்! மிச்சம் என்று நினைத்தது 1,420 ரூபாய் நஷ்டம். பஸ்ஸில் போன நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இருட்டியும் அம்மா வராமல் வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் சேர்க்கவில்லை.

பெண்களுக்கு பஸ் இலவசமாக இருந்தால் கணக்கு மாறும். டில்லியில் 2019 அக்டோபரிலும், தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலும், கர்நாடகத்தில் 2023 ஜூனிலும் இந்தச் சலுகை தொடங்கியது. கர்நாடகத்தில் அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். புதிதாகப் போகிறவர் முகவரியை மாற்றும் வரை டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். இலவச பஸ் இருந்தாலும் அது எத்தனை மணிக்கு வரும், கடைசி பஸ் எப்போது என்று தெரிய வேண்டும். வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்?

எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டே கட்டிய நகரம் ஒன்று உண்டு. அது சண்டிகர். அதை செக்டர் செக்டராகப் பிரித்தார்கள். ஒரு செக்டர் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். அதற்குள்ளேயே கடைத்தெரு, பள்ளி, மரங்கள் உள்ள திடல் எல்லாம் வைத்தார்கள். குழந்தை பெரிய சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போகலாம். நல்ல யோசனைதான். ஆனால் கல்லும் மண்ணும் சுமந்து அந்த நகரத்தைக் கட்டியவர்களில் பலருக்கு செக்டருக்குள் வாடகை கொடுக்கக் கட்டவில்லை. அவர்கள் ஓரத்துக் குடிசைகளில்தான் தங்கினார்கள்.

வயதானவரோ, நடக்கச் சிரமப்படுபவரோ வீட்டில் இருந்தால் தூரத்தை அவர் காலால் அளக்க வேண்டும். இளைஞருக்குப் பத்து நிமிட நடை, கம்பு ஊன்றும் தாத்தாவுக்கு அரை மணி. நடுவில் மூடாத சாக்கடை இருந்தால் அவரால் போகவே முடியாது. பொதுக் கட்டடங்களில் சாய்வுப் பாதை போன்ற வசதிகள் வேண்டும் என்று 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. டில்லி மெட்ரோ ரயில் நிலையங்களில் லிப்ட் இருக்கிறது. பார்வை இல்லாதவர்களுக்குத் தரையில் புடைப்புக் கல் பதித்த பாதை இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை போக வேண்டுமே! மாடி வீட்டில் வாடகை குறைவாக இருந்தாலும் அவருக்குத் தரை வீடுதான் சரி.

இனி ரேஷன். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டு என்றால், வேறு மாநிலத்து ரேஷன் கடையிலும் அரிசி, கோதுமை வாங்கலாம். 2022 ஜூனில் இது நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. கார்டில் ஆதார் எண் சேர்ந்திருக்க வேண்டும். கடையில் கைரேகை வைக்க வேண்டும். குடும்பத்தில் பாதிப் பேர் சொந்த ஊரில் இருந்தால் அவர்கள் பங்கை அங்கே வாங்கலாம், மீதியை இங்கே வாங்கலாம். ஆனால் மாநில அரசு தன் சொந்தச் செலவில் தரும் பொருள்கள் வெளி மாநிலத்தில் கிடைக்காது. கார்டு எந்த வகை என்று புறப்படும் முன்பே ரேஷன் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் பயப்பட வேண்டாம். 2010 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, சான்றிதழ் வரத் தாமதம் ஆகிறது என்பதற்காக 6 முதல் 14 வயதுள்ள பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. மொழிதான் பெரிய பிரச்சினை. மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தமிழில் படிக்கலாம். எல்லா வட்டாரத்திலும் அப்படி இல்லை. வீடு பார்க்கும் முன் அந்தப் பள்ளி எங்கே என்று பாருங்கள்.

முதலில் ஒருவர் மட்டும் போவது நல்லது. ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். குழாயடிக்குப் போய், "அக்கா, இங்கே தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்? கோடையிலும் வருமா? ராத்திரி பிரசவ வலி வந்தால் எங்கே போவீர்கள்?" என்று கேட்கட்டும். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரிசையில் எத்தனை குடம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

போகிறவர் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போகட்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம், முதல் பஸ், கடைசி பஸ், பள்ளிக்கு எத்தனை நிமிட நடை, அட்வான்ஸ் எவ்வளவு, அதற்கு ரசீது தருவார்களா என்பதை எல்லாம் எழுதட்டும். அந்த நோட்டை வீட்டில் எல்லாரும் படிக்கட்டும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் யாராவது படித்துக் காட்டுங்கள். மூட்டை கட்டுவது அதற்குப் பிறகு.