பாட்டன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?



குடும்ப வரலாறு என்றால் செப்பேட்டையும் கோயில் கல்வெட்டையும் எடுத்து வைக்கிறவர்கள் உண்டு. நம் சேரிகளில் மூன்று தலைமுறைக்கு மேலே பாட்டன் பெயரே தெரியாத வீடுகள் ஏராளம். ஆனால் நம்மை மனிதராக எழுதாத அரசு, வரிக்காக நிலத்தை எழுதி வைத்தது. நம் தேடலை அங்கே தொடங்கலாம்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதைத் தொடர்ந்து 30.9.1892இல் வருவாய்த் துறை அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலங்கள் பிறந்த கதை இது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பாட்டன் பெயரோடு மட்டும் போகாதீர்கள். ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஊர், பழைய தாலுகா, சர்வே எண் ஆகியவற்றோடு போங்கள். தாலுகா அலுவலகத்தின் 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் கேளுங்கள். பட்டாதாரர் பெயரோடு தகப்பனார் பெயரும் இருந்தால், ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும்.

மூலப் பதிவேட்டையே பாருங்கள் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து இருக்கும். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குக் கொடுத்த நிலம் என்று பொருள். நகலெடுக்கும்போது அந்த இரண்டு எழுத்து விடுபட்டால் நிலத்தின் வரலாறே மாறிவிடும். அதனால் யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டையும் பிந்தைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் எங்கே மாறியது, எந்த ஆணையால் மாறியது என்று கேளுங்கள்.

பதிவேட்டில் நம் பாட்டிகளைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார்கள். நட்டவளும் அறுத்தவளும் அவர்கள். பட்டா ஆண் பெயரில். ஆகவே காப்பகத்துக்குப் போகுமுன் ஊரில் மூத்த பெண்களிடம் உட்காருங்கள். எந்த வயலுக்கு என்ன பெயர், யார் உழுதது, எந்தப் பஞ்சத்தில் கைமாறியது என்று எழுதிக்கொள்ளுங்கள். வயலின் பெயரைச் சொல்ல அவர்களும், சர்வே எண்ணைச் சொல்லப் பதிவேடும் வேண்டும்.

1994இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது புதிய சலுகையை அன்று. அரசு தன் கையால் எழுதிக் கொடுத்ததைத்தான்.

இங்கே இருக்கும் ஒவ்வொரு மாணவரும் தன் ஊரின் ஒரு சர்வே எண்ணையாவது மூலத்தில் பார்த்து எழுதி வாருங்கள். இந்த நினைவுநாளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.